எதிர்ப்பக்கம் மடித்த இலை

அடுத்த வாரம் முதல் என் நாற்காலியைப் பகிர்ந்துகொள்ளப்போகும் உங்கள் இருவருக்கும் என் வணக்கம்.

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று நான் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம், சில வெள்ளிக்கிழமைகளில் இரண்டு என ஏழாண்டுக் காலம் பார்த்து, பார்த்தவற்றைப் பற்றி நம் வார இதழில் எழுதித் தீர்த்தவன் நான். கண்களுக்கு மட்டும் தனியே வயது கணக்கிட்டால் எனக்கு ஓய்வூதியமே தர வேண்டியிருக்கும். கைலாசபுரத்தில் குடியிருக்க வீடும், அங்குள்ள தொழிற்சாலையின் செய்தி இதழைக் கவனிக்கும் வேலையும் எனக்கு வாய்த்திருக்கின்றன. இனி எந்தக் கதாநாயகி எந்த மரத்தைச் சுற்றி ஓடினாலும் அது என் கவலையன்று, உங்கள் கவலை.

நுழைவுச் சீட்டை யாரிடம் கேட்பது, கட்டுரையை எத்தனை மணிக்குள் அச்சுக்கூடத்தில் சேர்ப்பது என்பனவற்றை ஒரே வாரத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். என் வெற்றிகளைப் பற்றியும் நான் சொல்லப்போவதில்லை. அவற்றைப் போதுமான அளவுக்கு நானே சொல்லிவிட்டதாக ஆசிரியர் கருதுகிறார். நான் சொல்லப்போவது என் முதலாண்டில் எழுதிய மூன்று சொற்களைப் பற்றி. ‘ஒரு கணமும் இல்லை.’ அவ்வளவுதான். அந்த மூன்று சொற்கள் ஒரு மனிதன் முன் திறக்கவிருந்த கதவை ஏறத்தாழச் சாத்திவிட்டன.

நான் மேடையில் வளர்ந்தவன். உப்பிலியபுரத்திலிருந்து திருச்சிக் கல்லூரிக்கு வந்த முதலாண்டிலேயே சொற்போர் மன்றத்தின் வெள்ளிக் கோப்பையை வென்றேன். அடுத்த இரண்டாண்டுகளும் அதை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதிப் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் என் எதிரே நின்றவன் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். எங்கள் மன்றத்தில் தரப்பைப் பேச்சாளர் தேர்ந்தெடுக்க முடியாது. சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ‘ஒட்டி’ என்று வந்தால் ஒட்டிப் பேச வேண்டும். ‘வெட்டி’ என்று வந்தால் வெட்டிப் பேச வேண்டும். கையில் வந்த சீட்டை ஐந்தே நிமிடத்தில் நெஞ்சார நம்பிவிடுவது என் திறமை. ரங்கராஜனுக்கு அது வராது. ஆறாகப் பெருகி வந்துகொண்டிருப்பவன் நடுவில் நின்று, “எதிர்க்கட்சி நண்பர் சொன்னதிலும் ஒன்று இருக்கிறது” என்பான். நடுவர்கள் உதட்டைப் பிதுக்கி மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். கோப்பை என்னிடம் வந்துசேரும்.

படிப்பு முடிந்ததும் அவன் சென்னைக்குப் போய் ஓர் இயக்குநரிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். நான் இந்த நாற்காலியில் வந்து அமர்ந்தேன். அமரும்போது என் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்து அமர்த்தினேன். கொட்டகை வாசலில் சுவரொட்டியைப் பார்க்கும்போதே மனத்துக்குள் சீட்டுக் குலுக்கி எடுத்துவிடுவேன். உள்ளே நுழையும்போது நான் ஒட்டியா வெட்டியா என்பது முடிவாகியிருக்கும். மீதமுள்ள இரண்டரை மணி நேரமும் வாதங்களைத் திரட்டுவதற்கே.

அந்த ஆண்டு பங்குனியில் ரங்கராஜன் ஊருக்கு வந்தான். சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த ஓட்டலில் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

“டேய், வெள்ளிக்கிழமை எங்க படம் ரிலீஸ். பாத்துட்டு எழுதுவியோன்னோ?”

“எழுதாம? போஸ்டர் பாத்தேன். தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒரு அம்மா மாடிப்படியில நிக்குது.”

“அது படத்துக்குப் பணம் போட்ட முதலாளிக்காக வச்ச போஸ்டர். அதைப் பாத்துட்டு முடிவு பண்ணிடாதே.”

“பின்ன எதைப் பாத்து முடிவு பண்றது?”

அவன் டபராவைக் கீழே வைத்தான். “படத்துல ஒரே ஒரு இடம் என்னோடது. அன்னிக்கு டைரக்டருக்கு ஜுரம். நீயே எடுத்துடுடான்னுட்டுப் போயிட்டார். நானே யோசிச்சு நானே எடுத்தேன். முதலாளி பாத்துட்டு, இதுல பேயே இல்லையே, இது என்னத்துக்குங்கறார். வெட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார். ரெண்டு வாரம் ஓடட்டும், ஜனங்க என்ன சொல்றான்னு பாப்போம்னு கெஞ்சி வச்சிருக்கேன். நன்னாயிருக்குன்னு நாலு பேர் சொல்லிட்டா அடுத்த படம் எனக்குங்கறார்.”

“சொல்லலேன்னா?”

“கோபுரத்தண்ட எங்க அண்ணா கடை இருக்கே. உக்காந்துண்டு பஞ்சாங்கம் விக்க வேண்டியதுதான்.”

“எந்த இடம்னு சொல்லிடு. கவனிச்சுப் பாக்குறேன்.”

“சொல்ல மாட்டேன்” என்று சிரித்தான். “நான் காட்டி நீ பாக்கறதுக்கு நீ எதுக்கு? நீயே கண்டுபிடி.”

அவனுக்கு வேண்டியிருந்தது என் கண்கள். அவன் பஸ் ஏறிப் போன பிறகும் அந்தச் சுவரொட்டி அம்மையார்தான் என் எதிரே நின்றார். சீட்டை எடுத்தேன். ‘வெட்டி’ என்று வந்தது.

வெள்ளிக்கிழமை பகல் காட்சி. திருச்சி வெயிலில் வெந்துபோய் உள்ளே நுழைபவர்களுக்கு இருட்டே இன்பம். பேய் என்ன செய்யும்? அந்தக் கொட்டகை எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது அதை மாற்றிக் கட்டிவிட்டார்கள். முன்னால் தரை, அதன் பின்னால் பெஞ்சுகள், கடைசியில் மின்விசிறிக்குக் கீழே மெத்தை நாற்காலிகள். இடப்புறம் முழுவதும் பெண்களுக்கு. நடுவில் தோளுயரப் பலகைத் தடுப்பு. நான் கடைசி வரிசையில் அமர்ந்தேன். மடியில் குறிப்பேடு, கையில் சிறிய டார்ச் விளக்கு. படம் ஓடும்போதே வாக்கியங்களைச் செதுக்கி முடித்துவிடுவது என் வழக்கம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

பெயர்கள் ஓடி முடிந்த மூன்றாவது நிமிடத்தில் பேய் வந்துவிட்டது. வெள்ளைப் புடவை, விரிந்த கூந்தல், கொலுசுச் சத்தம். நான் பேனாவைத் திறந்தேன். அதன் பிறகு பேய் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்து எழுதினேன். புதுமணத் தம்பதிகள் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள், அங்கே ஓர் ஆவி இருக்கிறது, இறுதியில் மந்திரவாதி வந்து எலுமிச்சம்பழத்தை வெட்டுகிறார். இவ்வளவே கதை.

புதன்கிழமை இதழில் என் விமர்சனம் மூன்று பத்திகளை நிறைத்தது. பேய் என்பது உண்டா என்று தொடங்கினேன். இல்லை என்பதை ஏழு வாதங்களால் நிறுவினேன். அச்சத்தை விற்பவர்களைச் சாடினேன். ‘நெஞ்சு நடுங்கும்படியாக இப்படத்தில் ஒரு கணமும் இல்லை’ என்று முழங்கி முடித்தேன். ஆசிரியர் அதை உரக்கப் படித்துக் காட்டினார். கல்லூரி மாணவர்கள் தெப்பக்குளத்தருகே என்னை நிறுத்திக் கடைசி வரியை எனக்கே ஒப்பித்தார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

கொட்டகை மேலாளர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மறுநாள் அலுவலகத்துக்கே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். நீங்க திட்டினதுல நேத்து தரை டிக்கெட் ஃபுல்லு. ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு நடிகருங்க நேர்ல வராங்க, படத்தோட முதலாளியும் வராரு. நீங்களும் மேடையேறி இதையே அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க.”

“அவர் வருத்தப்பட மாட்டாரா?”

“பேய்க்கே பயப்படாதவரு முதலாளிக்கா பயப்படப்போறீங்க?”

மாலைக்குள் மஞ்சள் துண்டறிக்கை பெரிய கடைவீதியெங்கும் பறந்தது. ‘பயமில்லை என்றவர் நேரில் தோன்றுகிறார்!’ அந்த ‘நேரில் தோன்றுகிறார்’ என்பதில் நான் மயங்கினேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை ரங்கராஜனின் அஞ்சலட்டை வந்தது. நான்கே வரிகள். ‘முதலாளி உன் விமர்சனத்தைப் படித்தார். உன் ஊர்க்காரனே ஒரு கணமும் இல்லை என்கிறான், அப்புறம் என்ன என்று கேட்டார். திங்கட்கிழமை எல்லாப் பிரதிகளிலிருந்தும் அந்த இடத்தை வெட்டச் சொல்லிவிட்டார். ஞாயிறு வருகிறோம். உன்மேல் கோபமில்லை.’

கோபமில்லை என்ற சொல்தான் என்னைக் குத்தியது. தோற்றவன் பெருந்தன்மை காட்டுகிறான் என்று முதலில் நினைத்தேன். பின்னர், மேடையில் எதிர்பாராத கேள்வி வந்தால் ஆயுதம் குறையக்கூடாதே என்று சனிக்கிழமை பகல் காட்சிக்கு மறுபடி போனேன். நினைவில் வையுங்கள்: உண்மையைத் தேடி நான் போகவில்லை. இன்னும் நான்கு வாதங்களைத் தேடித்தான் போனேன்.

பின்வரிசை நிறைந்திருந்தது. பெண்கள் பகுதியின் வாசலில், பலகைத் தடுப்பை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டு மேலாளர் என்னை அமர்த்தினார். அங்கே டிக்கெட் கிழிப்பவர் தனபாக்கியம். நாற்பது வயதிருக்கும், உறையூர்க்காரர். அந்தக் கொட்டகையில் ஓடிய எல்லாப் படங்களையும் நாளுக்கு மூன்று முறை பார்த்தவர். படம் தொடங்கியதும் அவரே பேச்சைத் தொடங்கினார்.

“நீங்கதான் அந்தப் பேப்பர்காரரா தம்பி?”

“ஆமாங்க.”

“மேனேஜர் படிச்சுக் காட்டினாரு. பேய் இல்லன்னு நல்லா எழுதியிருந்தீங்க. படத்தப் பத்தி எப்ப எழுதுவீங்க?”

மூன்று வெள்ளிக் கோப்பைகள் பெற்றவன் முக்காலியில் நிமிர்ந்து அமர்ந்தேன். “எழுதினது படத்தப் பத்தித்தாங்க” என்றேன்.

“அப்படியா? எனக்குத்தான் வெளங்கல போல.”

திரையில் கொலுசுச் சத்தம் கேட்டது. வயலின்கள் அலறின. தனபாக்கியம் என் பக்கம் சாய்ந்தார். “பேய் வந்துடுச்சு. சத்தம் கேக்குதா?”

“கேக்குதே. வயலின்.”

“அது இல்ல. முறுக்கு.”

காதைத் தீட்டிக்கொண்டேன். பலகைக்கு அப்பால், இருட்டில், முப்பது நாற்பது வாய்கள் மொறுமொறுவென்று அரைத்துக்கொண்டிருந்தன. பேய் மாடிப்படியில் இறங்க இறங்க முறுக்கும் இறங்கிக்கொண்டிருந்தது.

“பயம் வந்தா அந்தச் சத்தம் நிக்கணும் தம்பி. போன தீபாவளிக்கு ஒரு படத்துல தொட்டில்கிட்ட பாம்பு வந்துச்சு, ஒரு பல்லு அசையல. இந்தப் பேயி எட்டு நாளா வந்து போவுது, எவளும் வாய நிறுத்தல. நேத்து ஒருத்தி பேய் வர்ற நேரமா பாத்துதான் சோடா ஒடைக்கச் சொன்னா. வயலின் சத்தத்துல யாருக்கும் தொந்தரவா இருக்காதாம்.”

எனக்குக் களிப்புத் தாங்கவில்லை. ஆயுதம் கிடைத்துவிட்டது. “அப்ப நான் எழுதினது சரிதானுங்களே! ஒரு கணமும் இல்ல.”

“அவசரப்படாதீங்க. சோறு போடுற இடம் வரட்டும்.”

சோறு போடுகிற இடமா? அப்படியொன்று எனக்கு நினைவே இல்லை.

வந்தது. நடுப்பகல். கணவன் வேலையிலிருந்து வீடு திரும்புகிறான். அந்த வீட்டில் அவனும் அவளும் மட்டுமே. அவன் தாய் இறந்து பல்லாண்டுகள் ஆயின என்பது முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. மருமகள் அந்த முகத்தைக் கண்டதே இல்லை. அவள் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறாள். சோற்றை வைக்கிறாள். உப்பு வேண்டுமா என்று கேட்கும் குரலில் சொல்கிறாள்: “அத்தை அப்பவே சாப்பிட்டாச்சு. நீங்க உக்காருங்க.” கணவன் விளையாட்டென்று எண்ணிப் புன்னகை செய்கிறான். சுவரோரமாகத் திரும்பிப் பார்க்கிறான். அங்கே ஓர் இலை. உண்டு முடித்து மடித்த இலை. வயலின் இல்லை, கொலுசு இல்லை. குழம்புக் கரண்டி பாத்திரத்தில் படும் ஓசை மட்டும். அவ்வளவே. அடுத்த காட்சியில் நகைச்சுவை நடிகர் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் அந்தச் சில நொடிகளில் பலகைக்கு அப்பால் முறுக்குச் சத்தம் அற்றுப்போயிருந்தது. ஒரு வாய், இரண்டு வாய் அன்று, அத்தனையும். யாரோ ஒருத்தி மூச்சுக்குள் சொன்னாள்: “இலையப் பாத்தியாடி? எதிர்ப்பக்கமா மடிச்சிருக்கு.”

நான் தனபாக்கியத்தைப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

“சாப்பிட்டு முடிச்சா இலைய எப்படித் தம்பி மடிப்பீங்க?”

“என் பக்கமா.”

“எதிர்ப்பக்கம் தள்ளி எப்ப மடிப்பாங்க?”

அதற்கு முந்தைய ஐப்பசியில், உப்பிலியபுரத்து வீட்டில், என் தந்தையின் காரியம் முடிந்த அன்று பந்தியில் அமர்ந்து உண்டேன். பழக்கத்தில் இலையை என் பக்கமாக மடிக்கப் போனேன். பக்கத்திலிருந்த சித்தப்பா என் கையைப் பிடித்து மெல்ல எதிர்ப்பக்கமாகத் தள்ளினார். அந்தக் கையின் அழுத்தத்தைக் கொட்டகை இருட்டில் மறுபடியும் உணர்ந்தேன். பேய் உண்டா இல்லையா என்ற வாதம் ஏழும் எங்கே போயினவோ தெரியவில்லை.

“எட்டு நாளா மூணு காட்சியும் இந்த எடத்துல நிக்குது தம்பி” என்றார் தனபாக்கியம். “போன வெள்ளிக்கிழமை நீங்க இங்கதான இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“குனிஞ்சுக்கிட்டு இருந்தீங்க. டார்ச் வெளிச்சம் தெரிஞ்சுது.”

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் குறிப்பேட்டைப் புரட்டினேன். என் குறிப்புகள் காட்சி வரிசைப்படி இருந்தன. கிணற்றடிப் பாட்டு. அதன் கீழே ஒரு நீண்ட வாக்கியம். அதன் கீழே நகைச்சுவை நடிகரின் குட்டிக்கரணம். நடுவிலிருந்த அந்த வாக்கியம், ‘நெஞ்சு நடுங்கும்படியாக இப்படத்தில் ஒரு கணமும் இல்லை’ என்பதே. அந்தக் கணம் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அது இல்லையென்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியும் இருந்தேன்.

எஞ்சிய படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஏற மனமில்லாமல் காவிரிப் பாலம் வரை நடந்தேன். வெயில் சாயவில்லை, மணலில் வண்ணார்கள் துணி உலர்த்தியிருந்தார்கள். அந்தப் படம் ஏன் தோற்றது என்று அன்றுதான், எட்டு நாள் கழித்து, முதன்முதலாகச் சிந்தித்தேன்.

பேய் இல்லாததால் அது தோற்கவில்லை. அரக்கனும் ஆகாய விமானமும் வரும் கதைகளை நாம் மனமொன்றிக் கேட்டிருக்கிறோம். அந்தப் படம் தன் பேயைத் தானே நம்பாததால் தோற்றது. நம்பிக்கையில்லாதவன்தான் உரக்கப் பேசுவான்; அது மேடையில் நானே அறிந்த உண்மை. வயலினை முன்னால் அனுப்பி, இதோ வருகிறது, பயப்படத் தயாராகுங்கள் என்று பறைசாற்றிவிட்டு வரும் பேய், வருமுன்பே பழசாகிவிடுகிறது. மூன்றாவது நிமிடத்தில் முழு உருவத்தையும் காட்டிவிட்டால் பிறகு காட்ட என்ன இருக்கிறது? அதே புடவையை மறுபடி காட்டலாம், அதைத்தான் காட்டினார்கள். அந்தப் புடவையும் கூந்தலும் எலுமிச்சம்பழமும் இதற்கு முன்வந்த பேய்ப் படங்களிலிருந்து இரவல் வாங்கியவை. இரவல் பொருளைப் பார்த்து எவரும் திடுக்கிடுவதில்லை. எங்கோ பார்த்த நினைவுதான் வரும். போதாக்குறைக்கு, நாம் சற்றே கலங்கினால்கூட அந்தக் கலக்கத்தைத் துடைக்க நகைச்சுவை நடிகர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் மேலான குறையொன்று உண்டு. அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் எதை நேசித்தார்கள் என்பதைப் படம் நமக்குச் சொல்லவே இல்லை. பேய் துரத்தியது, அவர்கள் ஓடினார்கள். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஓடினால் அது ஓட்டப்பந்தயம். மாறாக, மனைவி சோறு போடுகிற அந்த இடத்தில் எல்லாமே நம் வீட்டில் உள்ளவை: இலை, சோறு, கரண்டி, மாமியாருக்குக் காட்டும் மரியாதை. ஒரே ஒரு மடிப்பு மட்டும் மாறியிருந்தது. தெரிந்த உலகம் ஒரு மடிப்பளவு பிசகினால் போதும். அடுத்து எது பிசகுமோ என்று நெஞ்சு தானே கேட்டுக்கொள்ளும். புதுமை என்பதும் அவ்வளவுதான். அதை வானத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை, பந்தியிலிருந்தே எடுக்கலாம். ரங்கராஜன் எடுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை பிதுங்கியது. இடைவேளையில் திரைக்கு முன்னிருந்த குறுகிய மேடையில் எல்லோரும் ஏறினார்கள். பேயாக நடித்த அம்மையார் பட்டுப் புடவையும் மல்லிகைச் சரமுமாகக் கும்பிட்டபோது தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. முதலாளி பட்டு ஜிப்பாவில் நடுவில் நின்றார். மேடையின் ஓரத்தில், பாதி திரைக்குள் மறைந்தபடி ரங்கராஜன். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான்.

மேலாளர் என் பெயரை முழக்கினார். ஒலிபெருக்கியின் முன்னால் நின்றேன்.

“பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் படம் அச்சுறுத்தவில்லை என்று எழுதினேன். அதில் எதையும் நான் திரும்பப் பெற வரவில்லை.”

பெஞ்சுகள் அதிர்ந்தன. முதலாளியின் முகம் இறுகியது. அங்கேயே முடித்திருந்தால் கோப்பை எனக்குத்தான்.

“ஆனால் ‘ஒரு கணமும் இல்லை’ என்றும் எழுதினேன். அது தவறு.” மேடையின் ஓரத்தை நோக்கித் திரும்பினேன். “எதிர்க்கட்சி நண்பர் சொன்னதிலும் ஒன்று இருக்கிறது.”

ரங்கராஜன் திரைக்குள்ளிருந்து முழுவதுமாக வெளியே வந்துவிட்டான்.

“அண்ணன் கட்சி மாறிட்டாருடோய்!” என்றது தரையிலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது.

“மாறிட்டேங்க” என்றேன். எழுதி வைத்திருந்த சொற்பொழிவு என் சட்டைப் பையிலேயே இருந்தது. “சோறு போடுற இடம் வந்தப்போ நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். நேத்துதான் பாத்தேன். பயந்தேன்.”

முதலாளி ஒலிபெருக்கியைத் தம் பக்கம் இழுத்தார். “எந்த இடம்? அத்தை சாப்பிட்டாச்சுங்குற இடமா? அதுல பேயே இல்லையே தம்பி!”

பலகைக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “அதனாலதாங்க பயமா இருக்கு!”

உடனே பெண்கள் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் பேசியது. “ஆமாங்க, அந்த இலை!” “எதிர்ப்பக்கமா மடிச்சிருந்துச்சுங்க!” “எங்க மாமியா போய் மூணு மாசங்கூட ஆவல, எனக்குச் சோறே எறங்கல!”

முதலாளி ரங்கராஜன் பக்கம் திரும்பினார். ஒலிபெருக்கி திறந்திருப்பதை மறந்து அவர் கேட்டது கொட்டகை முழுவதும் கேட்டது. “இலையா? எந்த இலைடா?”

அவர் அந்தப் படத்தை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பார்! ஒவ்வொரு முறையும் பேயைத் தேடியிருக்கிறார். என்னைப் போலவே அவரும் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்.

“சுவரோரமா ஒரு இலை இருக்கு சார்” என்றான் ரங்கராஜன்.

“நீ வச்சதா?”

“ஆமா சார்.”

முதலாளி ஒலிபெருக்கியை என் பக்கம் தள்ளினார். பிறகு ஒலிபெருக்கியில் அல்லாமல் தணிந்த குரலில், “வெட்ட வேணாம்” என்றார். அருகில் நின்றதால் எனக்குக் கேட்டது.

படம் அதற்கு மேலும் ஒரு வாரந்தான் ஓடியது. சில நொடிகளால் இரண்டரை மணி நேரத்தைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்றும் என்று நம்பவும் வேண்டாம். மேடையிலிருந்து இறங்கியதும் ரங்கராஜன் என் தோளில் கையைப் போட்டான்.

“நடுவுல அப்படிச் சொன்னா மார்க்கு கொறச்சுடுவாடா.”

“கொறைக்கட்டும். மூணு கோப்பை வீட்டுல இருக்கு.”

“ஒண்ணைக் குடேன். அம்மா மோர் ஊத்தி வச்சுப்பா.”

கொடுத்தேன். இப்போதும் அது ஸ்ரீரங்கத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பழைய குறிப்பேட்டை நம் மேசையின் இழுப்பறையில் உங்களுக்காக விட்டுச் செல்கிறேன். கிணற்றடிப் பாட்டுக்கும் குட்டிக்கரணத்துக்கும் இடையிலுள்ள வரியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். டார்ச் விளக்கைக் கேட்காதீர்கள்; அதன் பிறகு அதை நான் கொட்டகைக்கு எடுத்துப்போனதில்லை. எழுதுவதற்கு வீட்டில் விளக்கு இருக்கிறது.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டாண்டுகள் கழித்து ரங்கராஜனின் முதல் படம் அதே கொட்டகைக்கு வந்தது. சுவரொட்டியில் பேய் இல்லை; பாதி திறந்த ஒரு சமையலறைக் கதவு மட்டும். நான் பார்த்தேன், சீட்டு எடுக்கவில்லை. பகல் காட்சிக்குப் போய் அந்த முக்காலியைக் கேட்டு வாங்கி, பலகைத் தடுப்பை ஒட்டி அமர்ந்தேன். தனபாக்கியம் என் கைகளைப் பார்த்தார்.

“நோட்டு எங்க தம்பி? எழுதப் போறதில்லையா?”

“இன்னிக்கு முறுக்குதான்” என்று பொட்டலத்தைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிக்கத் திரும்பினார்.

படத்தைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை; அதை அந்த வாரமே எழுதிவிட்டேன். இடைவேளையில் விளக்கு எரிந்தபோது பொட்டலம் என் மடியில் பிரித்தது பிரித்தபடி கிடந்தது. ஒரு முறுக்கு மட்டும் வாய்வரை போய், கடிபடாமல், என் விரல்களுக்கிடையில் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியாது.

தனபாக்கியம் எட்டிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, முறுக்கு நமத்துப் போச்சா?”

“இல்லீங்க” என்றேன். “நல்லாத்தான் இருக்கு.”